பள்ளிக்கூடத்தில் யார் வீட்டுச் சாமி? – வாசகர் கேள்வி பதில்

பள்ளியில் மதம் சம்பந்தமாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் ஊர் மட்டும் கொடுத்திருக்கிறோம்.

மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். நாங்கள் கிறிஸ்தவர்கள். காலை இறைவணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் சரஸ்வதி சுலோகம் ஒன்றை எல்லாரும் கைகூப்பிச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். சும்மா நின்றதற்காக மகளை ஆசிரியை ஒருவர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். நாங்கள் போய்க் கேட்கலாமா? கேட்டால் பிள்ளைக்குத் தொந்தரவு வருமா?
– ஒரு தாய், பாலக்கோடு

தாராளமாகக் கேட்கலாம் அம்மா. அரசியல் சாசனத்தின் 28-ஆவது பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது அதன் முதல் உட்பிரிவு. மூன்றாவது உட்பிரிவு இன்னும் முக்கியம். அரசு அங்கீகாரமோ நிதி உதவியோ பெறும் எந்தப் பள்ளியிலும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. மைனர் பிள்ளை என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் தந்திருக்க வேண்டும். நீங்கள் சம்மதம் தரவில்லை. அதற்கு மேல் விவாதமே தேவையில்லை.

காலைக் கூட்டத்தில் இப்படிச் சுலோகம் வைக்கலாமா என்பது தனிக் கேள்வி. கேந்திரிய வித்யாலயாக்களில் சொல்லப்படும் சமஸ்கிருத வழிபாட்டை எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. அதனால் ‘சுலோகத்தையே நிறுத்துங்கள்’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே சிக்கிக்கொள்ளும். ‘என் மகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள்’ என்பதுதான் யாராலும் அசைக்க முடியாத பிடி. முதலில் அதைப் பிடியுங்கள்.

பள்ளி விட்ட பிறகு, கூட்டம் சேர்க்காமல், தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். பேசிவிட்டு ஒரு கடிதமும் கொடுங்கள். இவ்வளவு எழுதினால் போதும்: ‘என் மகள் (பெயர், வகுப்பு, பிரிவு) காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், நாட்டுப்பண் எல்லாவற்றிலும் கலந்துகொள்வாள். மத வழிபாடு நடக்கும் நேரத்தில் அமைதியாகவும் மரியாதையாகவும் நிற்பாள். அந்த வழிபாட்டில் அவள் பங்குகொள்ள அரசியல் சாசனப் பிரிவு 28(3)-இன்படி எனக்குச் சம்மதமில்லை.’ இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

திட்டிய விஷயத்தை இந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். இரண்டையும் சேர்த்து எழுதினால் ‘ஆசிரியை மேல் புகார்’ என்று கோப்பின் தலைப்பே மாறிவிடும், நீங்கள் கேட்ட விலக்கு அடியில் போய்விடும். அந்த ஆசிரியை திரும்பவும் அப்படி நடந்தால் தனி மனு கொடுங்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு அது பொருந்தும்.

இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்பலாம். அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்தது மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கலாம். கல்வித் துறையின் உதவி எண் 14417. பெரும்பாலும் முதல் கடிதமே போதுமானதாக இருக்கும்.

தொந்தரவு வருமா என்று கேட்டீர்கள். வருவது எப்போது என்றால், பெற்றோர் பேசும் முன்பே வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றும்போது. கட்சிக் கொடியோடு பத்துப் பேர் பள்ளி வாசலில் நிற்கும்போது. அதன் பிறகு பிள்ளை வகுப்பில் ‘அந்தப் பிரச்சினைக்காரி’ ஆகிவிடுகிறாள். கைப்பேசியை எடுக்கும் முன் பேனாவை எடுங்கள். மகளிடமும் ஒன்று சொல்லிவையுங்கள்: மற்றப் பிள்ளைகள் கும்பிடும்போது சிரிப்பதோ பேசுவதோ கூடாது. அவள் எதிர்பார்க்கும் மரியாதை அவளிடமிருந்தும் போக வேண்டும்.

மகன் பிளஸ் ஒன். ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறான். கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், தாடி. எச்.எம். உள்ளே விடமாட்டேன் என்கிறார். இது மத உரிமை இல்லையா?
– ஒரு தந்தை, காவேரிப்பட்டணம்

மாலை உரிமைதான். வேட்டி பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. 25-ஆவது பிரிவு தரும் மத உரிமை பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கும் மற்ற அடிப்படை உரிமைகளுக்கும் உட்பட்டது. சீருடை எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கும்போது அதை அடியோடு மாற்றும் உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்து பாருங்கள். துளசி மாலை சட்டைக்குள் இருக்கட்டும். அதைக் கழற்றச் சொல்வதோ அறுப்பதோ நியாயமில்லை. சீருடை பேன்ட் சட்டையில் பள்ளிக்குப் போய், வீட்டுக்கு வந்ததும் கறுப்புக்கு மாறலாம். விரதத்தின் உயிர் நியமத்தில்தானே இருக்கிறது. குருசாமியைக் கேட்டால் அவரே சொல்வார். தாடிக்கு 41 நாள் மட்டும் என்று தேதி போட்டு அனுமதிக் கடிதம் கொடுங்கள். தேதி போட்டுக் கேட்பதை மறுக்கத் தலைமையாசிரியர்கள் தயங்குவார்கள். முடிவில்லாமல் கேட்டால் ஒரேயடியாக மறுத்துவிடுவார்கள்.

செருப்பு விஷயத்தில் நாங்கள் தலைமையாசிரியர் பக்கம். அறிவியல் பிரிவு மாணவன் வேதியியல் ஆய்வகத்தில் வெறுங்காலோடு நின்றால், கந்தக அமிலம் ஒரு சொட்டு விழுந்தாலும் கால் வெந்துவிடும். ஆய்வக நேரத்துக்கு மட்டுமாவது காலை மூடும் காலணி வேண்டும். மண்டல காலம் கார்த்திகை, மார்கழி. அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில்தான். மலைக்குப் போகும் நாளைத் தேர்வு அட்டவணை பார்த்து வையுங்கள்.

தலைமையாசிரியருக்கும் ஒரு வார்த்தை: இந்தப் பையனுக்கு வைக்கும் அளவுகோலையே சிலுவைச் சங்கிலி போட்ட பிள்ளைக்கும், தொப்பி போட்ட பிள்ளைக்கும், மருவத்தூர் மாலை போட்ட பிள்ளைக்கும் வையுங்கள். அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறினால் அன்றைக்கே பள்ளி தன் நியாயத்தை இழக்கிறது.

கர்நாடகாவில் ஹிஜாப் தடை வந்ததே, அது ஓசூருக்கும் பொருந்துமா? மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது.
– ஒரு தாய், ஓசூர்

பொருந்தாது. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி; ஆனால் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கத்து அரசாணை இந்தப் பக்கம் செல்லாது. 2022 பிப்ரவரி 5-ஆம் தேதி கர்நாடக அரசு பிறப்பித்த ஆணை அந்த மாநிலக் கல்விச் சட்டத்தின் கீழ் வந்தது. மார்ச் 15-ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. அக்டோபர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் எதிரெதிர்த் தீர்ப்பு சொன்னார்கள்: நீதிபதி ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார், நீதிபதி சுதான்ஷு தூலியா ஏற்கவில்லை. ஆகவே விவகாரம் பெரிய அமர்வுக்குப் போயிற்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அப்படி ஓர் ஆணை கிடையாது.

சீருடையின் நிறத்திலோ வெள்ளையிலோ முகம் மறைக்காத தலைத்துணி அணிந்தால் பெரும்பாலும் பேச்சு எழாது. பொதுத்தேர்வு அறையில் அனுமதிச் சீட்டுப் படத்தோடு முகத்தை ஒப்பிடுவார்கள். சோதனை தேவைப்பட்டால் பெண் ஆசிரியை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். விளையாட்டு நேரத்தில் ஊசி குத்திய துணி கழுத்தில் இறுகும். ஊசி இல்லாமல் தைத்த துணி நல்லது. பத்தாவதுக்குப் பிறகு பெங்களூருப் பக்கம் பி.யு. (நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ) கல்லூரியில் சேர்க்க நினைத்தால், பணம் கட்டும் முன்பே அந்தக் கல்லூரியின் சீருடை விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வருடா வருடம் வகுப்பில் சரஸ்வதி பூஜை செய்வோம். தலைக்கு இருபது ரூபாய் வாங்குவோம். இந்த வருடம் ஒரு பெற்றோர் ஆட்சேபிக்கிறார். பழைய மாணவர்கள் வேறு வளாகத்தில் பிள்ளையார் கோயில் கட்டித் தருகிறோம் என்கிறார்கள்.
– ஓர் ஆசிரியர், அரூர்

கோயிலுக்கு நேரடியாக ‘வேண்டாம்’ சொல்லிவிடுங்கள் சார். நிலம் அரசுடையது. பொது இடங்களில் அனுமதியின்றி எந்த மதத்தின் வழிபாட்டுத் தலமும் புதிதாகக் கட்டக் கூடாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. ‘சின்ன மேடைதானே’ என்றுதான் எல்லாமே ஆரம்பிக்கும். மேடை, கூரை, வெளி ஆள் பூஜை, உண்டியல், கடைசியில் சாவி யாரிடம் என்ற சண்டை. அந்தச் சண்டையில் ஊரின் இரண்டு சாதிகள் எதிரெதிரே நிற்கும். அந்தப் பணத்தில் கழிவறைக்குத் தண்ணீர்த் தொட்டி கேளுங்கள். கட்டித் தருவார்கள்.

பூஜை விஷயம் வேறு. பொட்டு, பொரி, புத்தகம் அடுக்கி வைப்பது ஊரோடு கலந்த வழக்கம். பெரும்பாலான பெற்றோருக்கு அதில் மனத்தாங்கல் இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் அரசு அலுவலகங்களில் இருக்கும் சாமி படங்களை எடுக்கச் சொல்லி 1968-லேயே, அண்ணா முதல்வராக இருந்தபோதே, அரசு சுற்றறிக்கை அனுப்பியது. அரசு இடம் எல்லாருக்கும் பொது என்பது இந்த மாநிலத்தில் பழைய நிலைப்பாடு.

உடனே நிறுத்த வேண்டியது அந்த இருபது ரூபாய். வகுப்பாசிரியர் பெயர்ப்பட்டியல் வைத்து ‘யார் தரவில்லை’ என்று கேட்கும்போது அது வரி ஆகிவிடுகிறது. தர மறுக்கும் பிள்ளை எழுந்து நின்று தன் மதத்தைச் சொல்ல வேண்டிவருகிறது. பாட வேளையில் வைக்காதீர்கள். எந்தப் பிள்ளையையும் தட்டு ஏந்தவோ மணி அடிக்கவோ பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், பிரியப்பட்டவர் வரட்டும். சுண்டலை மட்டும் எல்லாருக்கும் கொடுங்கள். வேண்டாம் என்கிற பிள்ளையை ‘ஏன்’ என்று கேட்காதீர்கள்.

மகன் கிறிஸ்தவ நிர்வாகத்தின் உதவிபெறும் பள்ளியில் படிக்கிறான். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டுமாம். நாங்கள் இந்துக்கள்.
– ஒரு தந்தை, கிருஷ்ணகிரி

பாலக்கோடு அம்மாவுக்குச் சொன்ன அதே 28(3) உங்களுக்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அரசுப் பள்ளியில் மதபோதனையே கூடாது. உங்கள் மகன் படிப்பது போன்ற பள்ளியில் மதபோதனை நடத்தலாம், சம்மதமில்லாத பிள்ளையை உட்காரவைக்கத்தான் கூடாது. சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமை 30-ஆவது பிரிவில் இருக்கிறது. அந்த உரிமை உங்கள் மகனின் மனச்சாட்சி வரை நீளாது. இந்து அறக்கட்டளை நடத்தும் மெட்ரிக் பள்ளியில் தினப்பூஜை என்றாலும் சட்டம் இதுதான். ‘உதவி வாங்கவில்லையே’ என்று தனியார் பள்ளி சொன்னால், அங்கீகாரம் பெற்றிருந்தாலே போதும் என்று பதில் சொல்லுங்கள்.

சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ‘பள்ளியின் ஆன்மிக நிகழ்ச்சிகளில் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்’ என்ற வரி இருந்து, அதன் கீழ் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கலாம். இருந்தால் ‘அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதிக் கொடுங்கள். பல கத்தோலிக்கப் பள்ளிகளில் மறைக்கல்வி நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்குத் தனியாக நன்னெறி வகுப்பு வைப்பது பழைய ஏற்பாடு. அதைக் கேளுங்கள், எளிதில் முடியும். அந்த நேரத்தில் பிள்ளையை வராந்தாவில் தனியே நிற்க வைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நூலகத்திலோ வேறு வகுப்பிலோ உட்கார இடம் தர வேண்டும்.

தமிழ்ப் பாடத்தில் தேவாரம், சீறாப்புராணம், தேம்பாவணி எல்லாம் வருகிறதே, இது மதபோதனை ஆகாதா?
– ஒரு மாணவி, பர்கூர்

ஆகாது. மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு, மதத்தைப் போதிப்பது வேறு என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘உமறுப்புலவர் இப்படிப் பாடினார்’ என்றால் பாடம். ‘நீயும் இப்படித் தொழு’ என்றால் போதனை. வீரமாமுனிவரை ஒதுக்கிவிட்டுத் தமிழ் அகராதியின் வரலாற்றை எப்படிப் படிப்பீர்கள்?

எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. சத்துணவில் மகனுக்கு என்ன செய்வது?
– ஒரு பெற்றோர், தளி

முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தரும் ஏற்பாடு சத்துணவிலேயே இருக்கிறது. அமைப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு முன்கூட்டியே போக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குப் பழம் இருக்காது.

சில பிள்ளைகள் நாட்டுப்பண் பாட மறுக்கிறார்கள், யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினராம். நடவடிக்கை எடுக்கலாமா? அமெரிக்காவில் மதத்தையும் அரசையும் சுவர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள் என்கிறார்களே, அங்கே என்ன செய்வார்கள்?
– ஒரு தலைமையாசிரியர், தருமபுரி

நின்றார்களா என்று மட்டும் பாருங்கள் ஐயா. கேரளத்தில் 1985-இல் மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களும் யெகோவா சாட்சிகள்தான். நாட்டுப்பண் பாடும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவே. 1986 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிஜோ இம்மானுவேல் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமும், பாடுவதைத் தடுப்பதையும் பாடும் கூட்டத்தில் தொந்தரவு செய்வதையும்தான் குற்றம் என்கிறது. நின்ற பிள்ளை மேல் நடவடிக்கை எடுத்தால் நீதிமன்றத்தில் பள்ளிதான் தோற்கும். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடல் ஆனபோதும் எழுந்து நிற்க வேண்டும் என்றுதான் அரசு சொன்னது. மாற்றுத்திறனாளிகளுக்கு அதிலும் விலக்கு.

அமெரிக்காவில் இதே மதத்தாரின் பிள்ளைகளால்தான் இதே கேள்வி 1943-இல் முடிவாயிற்று: கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்க முடியாது. ‘சுவர்’ என்ற சொல்லை ஜெபர்சன் 1802-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். மத உரிமை பற்றிய அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தில் அந்தச் சொல் கிடையாது. நியூயார்க் மாநில அதிகாரிகள் எந்த மதப் பிரிவையும் சேராதபடி 22 சொற்களில் ஒரு ஜெபம் எழுதிப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். விரும்பாத பிள்ளை சும்மா இருக்கலாம் என்ற சலுகையும் இருந்தது. அப்படியும் 1962-இல் அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஜெபம் எழுதுவது அரசின் வேலை அல்ல என்பதுதான் காரணம். அதற்காக அங்கே பள்ளியில் ஜெபமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு மாணவர் தானாகச் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கலாம். ஆட்டம் முடிந்து மைதானத்தில் தனியே ஜெபித்த கால்பந்துப் பயிற்சியாளருக்குச் சாதகமாக 2022-இல் தீர்ப்பு வந்தது. அதில் மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை: பயிற்சியாளர் மண்டியிட்டால் அணியில் இடம் வேண்டும் என்று நினைக்கும் பையனும் மண்டியிடுவான் என்பது அவர்கள் கவலை. எங்களுக்கும் அந்தக் கவலை நியாயமாகவே படுகிறது.

நம் சாசனத்தில் சுவர் இல்லை. அரசே கோயில் கதவை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட வேண்டியிருந்த நாடு இது. மதத்தைத் தொடாமல் ஒதுங்கி நிற்க அரசால் முடியாது. அதனால்தான் அறநிலையத் துறையும் இருக்கிறது, 28-ஆவது பிரிவும் இருக்கிறது.

‘தன்னம்பிக்கைப் பேச்சு’ என்று ஒரு அமைப்பு வர விரும்புகிறது. அனுமதிக்கலாமா?
– ஒரு தலைமையாசிரியர், ஊத்தங்கரை

2024 ஆகஸ்டில் சென்னையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அரசுப் பள்ளியில் அப்படிப் பேச வந்தவர் முற்பிறவிப் பாவத்தால்தான் ஊனம் வருகிறது என்ற பொருளில் பிள்ளைகளிடம் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர்தான் எழுந்து கேட்டார். பேச்சாளர் கைதானார். பள்ளி படாத பாடு பட்டது.

முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் யாரையும் மேடையேற்றாதீர்கள். பேச்சின் தலைப்பை மட்டும் வாங்கினால் போதாது. ‘வாழ்வில் வெற்றி’ என்ற தலைப்புக்குள் எதையும் ஒளிக்கலாம். பேசப்போகும் குறிப்பை இரண்டு பக்கத்தில் கேளுங்கள், அவர் முன்பு பேசிய காணொளியைப் பாருங்கள். துண்டுப் பிரசுரம், பிரசாதம், கண்மூடித் தியானம், உறுதிமொழி எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். அரங்கில் இரண்டு ஆசிரியர்களாவது கடைசிவரை இருக்கட்டும். பேச்சு திசைமாறினால் ‘நேரமாகிவிட்டது’ என்று ஒலிவாங்கியை வாங்கிவிடும் பொறுப்பை ஒருவரிடம் முன்பே ஒப்படையுங்கள். அந்த நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் சாதி, மதம் வேண்டாம் என்றால் முடியுமா?
– ஒரு தம்பதி, பென்னாகரம்

முடியும். 1973-லும் 2000-லும் இதற்கு அரசாணைகள் வந்திருக்கின்றன. அந்த இடத்தைக் காலியாக விடலாம், ‘சாதி இல்லை, மதம் இல்லை’ என்றும் எழுதச் சொல்லலாம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது எளிது. பின்னால் மாற்றுவது அலைச்சல். அலுவலகத்தில் ‘கணினியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஏறாது’ என்றால், எழுத்தில் பதில் கேளுங்கள். தராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

வட்டாட்சியர் தரும் ‘சாதி இல்லை, மதம் இல்லை’ சான்று வேறு. 2019-இல் பக்கத்துத் திருப்பத்தூரில் ஒரு பெண் வழக்கறிஞர் அதைப் பல ஆண்டு போராடிப் பெற்றார். 2025 ஜூனில், இப்படிச் சான்று வழங்க வழிசெய்யும் ஆணையைப் பிறப்பிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது.

ஒன்றை மட்டும் யோசித்து முடிவெடுங்கள். சாதிச் சான்று இல்லாமல் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடும் கல்வி உதவித்தொகையும் கிடையாது. மாற்றுச் சான்றிதழில் காலியாக விட்டதாலேயே பின்னாளில் சாதிச் சான்று பெறும் வழி அடைபட்டுவிடாது. ஆனால் அப்போது பெற்றோரின் சான்றுகள்தான் ஆதாரம். உங்கள் இருவரின் சாதிச் சான்றையும் தொலைக்காமல் வைத்திருங்கள். பிள்ளை பதினெட்டு வயதில் தானே முடிவு செய்யட்டும்.